சுழலும் கருந்துளை ஒளியை எந்தப் பக்கம் அதிகமாக வளைக்கிறது?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. கருந்துளை சுழன்றால், சுழலாத கருந்துளையை விட ஒளியை அதிகமாக வளைக்குமா? எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் படத்தில் வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதே, சுழற்சி ஒளியை இழுப்பதால்தானா அது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் குறைவாக வளைக்கும், மறுபக்கம் அதிகமாக வளைக்கும்; ஆனால் பெரும்பாலானவர்கள் நினைப்பதற்கு நேர் எதிரான பக்கங்களில். அந்தப் பளிச்சென்ற பகுதிக்கு நேரடிக் காரணம் ஒளி வளைவது இல்லை, சுற்றி ஓடும் வாயு. சுழற்சியின் உண்மையான முத்திரை படத்தில் வேறு இடத்தில் இருக்கிறது, அது ரொம்ப நுட்பமானது, இன்றுவரை தெளிவாகப் பிடிபடவில்லை. ஏன் பிடிபடவில்லை என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவையே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். சூரியனுக்கு அது சுமார் 1.5 கிலோமீட்டர். சூரியனைப் போல 650 கோடி மடங்கு நிறையுள்ள எம்87 கருந்துளைக்கு சுமார் 960 கோடி கிலோமீட்டர். இனி இந்த நீளத்தையே "அலகு" என்று சொல்கிறேன், அப்போதுதான் எல்லாக் கருந்துளைக்கும் ஒரே எண் பொருந்தும். அப்புறம் இன்னொன்று: ஓர் ஒளிக்கதிர் வளையாமல் நேராகவே போயிருந்தால் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் கடந்திருக்கும் என்பதைக் "குறிதூரம்" என்று வைத்துக்கொள்வோம். சுழற்சியின் அளவு 0 முதல் 1 வரை. 1 என்பது கோட்பாடு அனுமதிக்கும் உச்சம். தன்னைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து (தட்டு போலச் சுழலும் வாயு) வாயுவை விழுங்கி வளரும் கருந்துளை நடைமுறையில் 0.998ஐத் தாண்டாது என்று கிப் தோர்ன் 1974இல் கணக்கிட்டுக் காட்டினார்.

சுழலாத கருந்துளையை வேகமாகப் பார்த்துவிடலாம். தொலைவில் போகும் ஒளி கொஞ்சமாகத்தான் வளையும். சூரியனின் விளிம்பை உரசிப் போகும் ஒளி 1.75 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) வளையும் என்பதை 1919ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி கிரகணத்தில் எடிங்டன் குழுவும் டைசன் ஏற்பாடு செய்த குழுவும் அளந்தார்கள். கருந்துளைக்கு அருகே கதையே வேறு. குறிதூரம் 6 அலகாக இருந்தால் ஒளி ஏறத்தாழ ஒரு செங்கோணம் திரும்பிவிடும். 5.2 அலகை (துல்லியமாக 3√3) நெருங்க நெருங்க வளைவு வரம்பில்லாமல் கூடும்: அரைச்சுற்று, ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று சுற்றிவிட்டு ஏதோ ஒரு திசையில் வெளியே வரும். சரியாக 5.2 என்றால் 3 அலகு ஆரத்தில் உள்ள ஃபோட்டான் கோளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் குறைந்தால் உள்ளே விழுந்துவிடும். இந்த வளைவு மடக்கை விதிப்படி கூடுகிறது. அதனால் ஒவ்வோர் அரைச்சுற்று கூடும்போதும் அந்த ஒளி உருவாக்கும் பிம்பம் முந்தையதை விட சுமார் 23 மடங்கு மெல்லியதாகிறது. 23 என்பது எங்கிருந்தோ வந்த எண் இல்லை, ஈ என்ற மடக்கை எண்ணின் பை அடுக்கு, அவ்வளவுதான். இந்த நடத்தையை சார்லஸ் கால்டன் டார்வின் 1959லேயே எழுதிவிட்டார், கருந்துளை என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலம் அது.

இப்போது சுழல விடுவோம். சுழலும் கருந்துளைக்கு ஐன்ஸ்டீன் சமன்பாடுகளில் ராய் கெர் 1963இல் கண்ட தீர்வுதான் அடித்தளம். சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சேர்த்து இழுக்கிறது. லென்ஸும் திரிங்கும் 1918இலேயே இதைக் கணித்தார்கள், புவியைச் சுற்றிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள் அந்தச் சிறிய விளைவை அளந்து 2011இல் முடிவை வெளியிட்டது. இதை விளக்க எல்லோரும் நீர்ச்சுழல் உவமையைத்தான் எடுப்பார்கள், தப்பில்லை, ஆனால் அந்த உவமை ஒரு தவறான முடிவுக்கும் கொண்டுபோய்விடும். சுழல் இழுக்கிறது, அதனால் சுழற்சியோடு சேர்ந்து போகும் ஒளி இன்னும் இறுக்கமாகச் சுருண்டு வளையும், எதிர்த்துப் போகும் ஒளி குறைவாக வளையும் என்று மனம் தானாக முடிவுகட்டிவிடும். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

உச்ச சுழற்சியில், நடுவரைத் தளத்தில் (சுழல் அச்சுக்குச் செங்குத்தாக மையத்தின் வழியே போகும் தளம்), சுழற்சியோடு ஒரே திசையில் போகும் ஒளிக்கு எல்லைக் குறிதூரம் (இதை விடக் குறைந்தால் ஒளி உள்ளே விழுந்துவிடும்) 2 அலகு. எதிர்த் திசையில் போகும் ஒளிக்கு 7 அலகு. சுழலாதபோது இரண்டு பக்கமும் 5.2 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு கதிர்களை அனுப்பிப் பாருங்கள். குறிதூரம் 6 அலகு: சுழலாத கருந்துளை என்றால் திரும்பி வெளியே போய்விடும், சுழலும் கருந்துளைக்கு எதிராகப் போனால் மாட்டிக்கொள்ளும். குறிதூரம் 3 அலகு: சுழலாத கருந்துளை விழுங்கிவிடும், சுழலும் கருந்துளையோடு சேர்ந்து போனால் சுற்றி வளைந்தாவது தப்பிவிடும். ஆக, ஒரே குறிதூரத்தில் ஒப்பிட்டால், கூடப் போகும் ஒளி குறைவாக வளைகிறது, எதிர்த்துப் போகும் ஒளி அதிகமாக வளைகிறது.

ஏன் இப்படி? ஒளி எப்போதும் பயண நேரத்தை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது என்ற ஃபெர்மா கொள்கையை நினைத்துப் பாருங்கள். ஈர்ப்புப் பகுதியில் ஒளி, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, மெதுவாகப் போவது போலத் தெரியும். கண்ணாடிக்குள் போவது மாதிரி. அந்த மெதுவாதல் மையத்தை நோக்கிக் கூடிக்கொண்டே போவதால்தான் பாதை வளைகிறது. காலவெளியின் இழுப்போடு ஒத்துப் போகும் ஒளிக்கு இந்தத் தாமதம் குறைகிறது, ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடி போல. வளைவும் குறைகிறது. எதிர்த்துப் போகும் ஒளிக்குத் தாமதம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. இழுப்பு ஒளியை மையத்தை நோக்கி இழுப்பதில்லை, சுற்றும் திசையில் இழுக்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆனாலும் "கூடப் போகும் ஒளி அதிகமாகச் சுருள்கிறது" என்று சில ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அதுவும் பொய் இல்லை. அங்கே ஒப்பிடுவது வேறு: ஒவ்வொரு கதிரும் அதனதன் எல்லைக் குறிதூரத்தை எத்தனை விழுக்காடு நெருங்கியிருக்கிறது என்று. கூடப் போகும் ஒளியால் மிக ஆழமாக உள்ளே போய்த் திரும்ப முடிகிறது, அங்கே எல்லையை நெருங்கும்போது அதிகச் சுற்றுகள் போடுகிறது. எதை மாறாமல் வைத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "சுழற்சி வளைவைக் கூட்டுமா குறைக்குமா" என்று கேட்டால் இரண்டு பதிலும் வரும்.

அந்த ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச சுழற்சியில் கூடப் போகும் ஒளியின் வட்டப் பாதை 3 அலகிலிருந்து 1 அலகுக்குச் சுருங்குகிறது, எதிர்த்துப் போகும் ஒளியின் பாதை 4 அலகுக்கு விரிகிறது. நடுவரைத் தளத்தில் 2 அலகுக்குள்ளே எர்கோஸ்பியர் என்ற பகுதி வந்துவிடும். அங்கே எதுவுமே, ஒளி உட்பட, சுழற்சிக்கு எதிராகச் சுற்ற முடியாது. சுழற்சி சுமார் 0.71ஐத் தாண்டினால் கூடப் போகும் ஒளியின் வட்டப் பாதை முழுவதும் அதற்குள்தான் இருக்கும். எதிராக வந்து மாட்டிக்கொண்ட ஒளிக்கதிர், விழும் வழியில் முதலில் நின்று, திசை மாறி, கருந்துளையோடு சேர்ந்து சுற்றியபடிதான் நிகழ்வு எல்லையை (தாண்டினால் எதுவும் திரும்ப முடியாத எல்லை) கடக்கும். அதன் பாதையை வரைந்து பார்த்தால் ஒரு கொக்கி போலத் தெரியும்.

நடுவரைத் தளத்துக்கு வெளியே போகும் கதிர்கள்தான் உண்மையில் பெரும்பான்மை, அவை ஒரு தளத்தில் நிற்பதே இல்லை, மேலும் கீழும் ஆடிக்கொண்டே சுற்றும். பார்த்தால் தீர்க்க முடியாத குழப்பம் போல இருக்கும். ஆற்றல் மாறாது, சுழல் அச்சைச் சுற்றிய கோண உந்தம் மாறாது, ஒளிக்கு நிறை சுழி. மொத்தம் மூன்று மாறிலிகள். பாதையை முழுதும் தீர்க்க நான்காவது ஒன்று வேண்டும், ஆனால் அதைத் தரும் வெளிப்படையான சமச்சீர் எதுவும் கெர் காலவெளியில் இல்லை. 1968இல் பிராண்டன் கார்ட்டர் சமன்பாடுகளைப் பிரித்துப் பார்த்தபோது நான்காவது மாறிலி ஒளிந்திருந்தது தெரிந்தது. பொதுச் சார்பியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. இயற்கை இவ்வளவு தாராளமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாறிலி இருப்பதால்தான் ஆரம் மாறாமல் மேலும் கீழும் ஆடும் ஃபோட்டான் பாதைகள் சாத்தியமாகின்றன. சுழலாத கருந்துளைக்கு ஒரே ஒரு ஃபோட்டான் கோளம். சுழலும் கருந்துளைக்கு உள்ளிருந்து வெளியே வரை ஒரு தடித்த ஃபோட்டான் ஓடு. கருந்துளை விழுங்கிவிட்டதால் ஒளி வராத இருண்ட பகுதியை நிழல் என்பார்கள்; பார்ப்பவருக்கு நிழலின் ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் அந்த ஓட்டின் வெவ்வேறு ஆரத்திலிருந்து வருகிறது.

நிழலின் வடிவத்தை ஜேம்ஸ் பார்டீன் 1973இல் வரைந்து காட்டினார். உச்ச சுழற்சி, பக்கவாட்டிலிருந்து பார்வை என்றால், ஒரு பக்கம் 2 அலகில் தட்டையாக வெட்டியது போலவும் மறுபக்கம் 7 அலகு வரை உருண்டும் இருக்கும். கருந்துளையின் எந்தப் பக்கம் நம்மை நோக்கிச் சுழல்கிறதோ அந்தப் பக்கம்தான் தட்டை. அகலம் 9 அலகு. உயரம்? 10.4 அலகு, சுழலாதபோது இருந்த அதே உயரம். நடுவரைத் தளத்திலிருந்து பார்ப்பவருக்கு நிழலின் உயரம் சுழற்சியால் மாறுவதே இல்லை, இதைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் சுழற்சி எண் அழகாக அடிபட்டுப் போகும். துருவத்துக்கு நேர் மேலிருந்து பார்த்தாலோ நிழல் முழு வட்டம், உச்ச சுழற்சியில் விட்டம் சுமார் 9.7 அலகு.

சரி, இங்கேதான் சிக்கல். 7இலிருந்து 2 வரை இருக்கும் நிழலின் நடு 2.5 அலகு தள்ளி இருக்கிறது, ஆனால் வடிவம் கொஞ்சமே நசுங்கியிருக்கிறது. சுழற்சியின் மிகப் பெரிய விளைவு நிழலை நகர்த்துவதுதான், நசுக்குவது இரண்டாம்பட்சம். தொலைவில் போகும் ஒளிக்கும் இதேதான்: சுழற்சி தரும் முதல் திருத்தத்தைக் கணக்கிட்டால், கருந்துளையைச் சுழல விடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தால் என்ன கிடைக்குமோ அதுவே கிடைக்கும். கருந்துளையின் மையம் வானத்தில் துல்லியமாக எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தனியாகத் தெரியாது. அப்படியிருக்க, நகர்ந்திருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது?

எம்87 விஷயத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். அது சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு அலகு நமக்கு 3.8 மைக்ரோ ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கோணத்தில் தெரியும். உலகெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கி 2017 ஏப்ரலில் பார்த்து 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட படத்தில் வளையத்தின் விட்டம் 42 மைக்ரோ ஆர்க்செகண்ட், பிழை வரம்பு 3. நிழலின் விட்டம் சுழற்சி 0 என்றால் 10.4 அலகு, உச்சம் என்றால் துருவப் பார்வையில் 9.7, வித்தியாசம் சுமார் 3 மைக்ரோ ஆர்க்செகண்ட். அதாவது சுழற்சியின் முழு விளைவும் பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது. போதாததற்கு எம்87இன் தாரை (கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் பொருளோட்டம்) நம் பார்வைக் கோட்டுக்கு சுமார் 17 பாகை சாய்வில்தான் இருக்கிறது. சுழல் அச்சும் அதே திசை என்றால் நாம் கிட்டத்தட்ட துருவத்தின் மேலிருந்து பார்க்கிறோம், தட்டையான பக்கம் தெரிய வாய்ப்பே குறைவு. படம் வட்டமாக இருப்பதைப் பார்த்து "கருந்துளை சுழலவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் தெற்குப் பக்கம் பளிச்சென்று இருப்பது? கருந்துளையைச் சுற்றி ஒளிவேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் ஓடும் சூடான வாயு நம்மை நோக்கி வரும் பக்கத்தில் டாப்ளர் விளைவால் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும், விலகிப் போகும் பக்கத்தில் மங்கும். இதற்குக் கருந்துளை சுழல வேண்டிய அவசியமே இல்லை. ஜான் பியர் லுமினே 1979இல் சுழலாத கருந்துளையைச் சுற்றிய வட்டைக் கணினியில் கணக்கிட்டு, கையால் மைப்புள்ளி வைத்து வரைந்த படத்திலேயே ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். எம்87ஐ 2018இல் மறுபடி பார்த்து 2024 ஜனவரியில் வெளியிட்ட படத்தில் வளையத்தின் விட்டம் அப்படியே இருக்கிறது, பளிச்சென்ற இடம் மட்டும் சுமார் 30 பாகை நகர்ந்திருக்கிறது. காலவெளி மாறவில்லை, வாயு மாறியிருக்கிறது. இதை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு திருத்தத்தை மட்டும் சேர்க்க வேண்டும். நிகழ்வு எல்லைக்கு மிக அருகே வாயுவைத் தன் திசைக்குத் திருப்பிக்கொண்டு போவது கருந்துளையின் சுழற்சி. அதனால் பளிச்சென்ற பக்கம் எது என்பது சுழற்சியின் திசைக்கு ஒரு நல்ல துப்பு. அதை வைத்துத்தான் எம்87இன் சுழற்சி வானத்தில் வலஞ்சுழியாக இருக்கிறது என்று ஈவென்ட் ஹொரைசன் குழு முடிவுக்கு வந்தது. திசை கிடைக்கிறது, அளவு கிடைப்பதில்லை. சுழற்சியின் அளவை இதுவரை பெரும்பாலும் வேறு வழியில்தான் மதிப்பிடுகிறார்கள்: எக்ஸ் கதிரில் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் இரும்பு வரி (இரும்பு அணுக்கள் உமிழும் குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட கதிர்) எவ்வளவு அகலமாகவும் சாய்வாகவும் பரவியிருக்கிறது என்று பார்த்து. அந்தக் கணக்கிற்குள்ளும் ஒளி வளைவு ஒளிந்திருக்கிறது, ஆனால் வாயு பற்றிய அனுமானங்களும் கூடவே நுழைந்துவிடுகின்றன.

வாயுவை நம்பாமல் காலவெளியை மட்டும் நம்பி அளக்க ஒரு வழி உண்டு, அது அந்த மெல்லிய வளையங்கள். படத்தில் தெரியும் தடித்த வளையத்துக்குள்ளே, அரைச்சுற்று, ஒரு சுற்று என்று கூடுதலாகச் சுற்றி வந்த ஒளி அடுக்கடுக்காக மெல்லிய வளையங்களை வரைகிறது. முதல் சில வளையங்களுக்குப் பிறகு அவற்றின் வடிவம் வாயுவைப் பற்றிக் கவலைப்படாது, கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் நம் பார்வைக் கோணத்தையும் மட்டும் பொறுத்தது. சுழலாத கருந்துளையில் எல்லா இடத்திலும் 23 மடங்கு மெலிந்த வளையங்கள், சுழலும்போது ஒவ்வொரு கோணத்திலும் வேறு விகிதத்தில் மெலியும். கூடச் சுழலும் பக்கத்தில் வளையங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். மைக்கேல் ஜான்சனும் மற்றவர்களும் 2020இல் இந்த வளையங்கள் குறுக்கீட்டு அளவீட்டில் (தொலைவில் உள்ள தொலைநோக்கிகள் பெறும் அலைகளைச் சேர்த்து ஒப்பிடும் முறை) தனித்துவமான அலைவு வடிவத்தை விடும் என்று காட்டினார்கள். ஆனால் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் புவியின் விட்டம் தரும் தெளிவு 20 மைக்ரோ ஆர்க்செகண்டை ஒட்டித்தான். இன்னும் தெளிவு வேண்டுமானால் ஒரு தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்ப வேண்டும், பிளாக் ஹோல் எக்ஸ்ப்ளோரர் என்ற திட்டம் அதற்காகத்தான் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

நேரத்தையும் பயன்படுத்தலாம். ஓர் அரைச்சுற்று கூடுதலாகச் சுற்றிய ஒளி தாமதமாக வரும். சுழலாத கணக்கில் எம்87க்கு அது சுமார் 6 நாள், நம் பால்வெளியின் நடுவில் உள்ள சாஜிட்டேரியஸ் ஏ கருந்துளைக்கு ஐந்தாறு நிமிடம். வாயுவில் ஒரு மினுக்கு நடந்தால் அதன் எதிரொலி இந்த இடைவெளியில் வர வேண்டும், சுழற்சி இருந்தால் இடைவெளி மாறும். கருந்துளைக்குப் பின்னாலிருந்து வளைந்து வந்த எக்ஸ் கதிர் எதிரொலிகளை 2021இல் டான் வில்கின்ஸ் குழு ஐ ஸ்விக்கி 1 என்ற விண்மீன் மண்டலத்தில் கண்டது, ஆகவே இது வெறும் கனவு இல்லை.

காஸ்டிக் பற்றி ஒரு பத்தி: வளைந்த ஒளிக்கதிர்கள் குவியும் இடங்களுக்கு அந்தப் பெயர், ஒரு விண்மீன் அங்கே இருந்தால் அதன் பிம்பம் மிகப் பிரகாசமாகும். சுழலாத கருந்துளைக்கு நேர் பின்னால் ஒரு விண்மீன் இருந்தால் முழு வட்ட ஐன்ஸ்டீன் வளையம் தெரியும், அந்த நேர்க்கோடுதான் அதன் காஸ்டிக். சுழற்சி வந்தவுடன் அந்தக் கோடு பக்கவாட்டில் நகர்ந்து, நான்கு முனை கொண்ட நட்சத்திர வடிவக் குழாயாக விரிகிறது. விண்மீன் அந்தக் குழாய்க்குள் நுழையும்போது புதிதாக இரண்டு பிம்பங்கள் சேர்ந்து தோன்றும், வெளியேறும்போது சேர்ந்து மறையும். அதிகச் சுற்று போட்ட ஒளிக்கான காஸ்டிக்குகள் இன்னும் பெரியவை, அச்சிலிருந்து இன்னும் தள்ளி இருப்பவை.

நீங்களே நிரல் எழுதிப் பார்க்க நினைத்தால், கட்டாயம் செய்யுங்கள், பத்துப் படம் பார்ப்பதை விட அதிகம் புரியும். ஒளியைக் கண்ணிலிருந்து பின்னோக்கி விடுங்கள், மூலத்திலிருந்து விட்டால் பெரும்பாலான கதிர்கள் வீண். கெர் காலவெளியில் இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் எண்களாக (ஆயங்கள்) பாயர் லிண்ட்குவிஸ்ட் ஆயங்கள் எழுத எளிது, ஆனால் துருவங்களிலும் நிகழ்வு எல்லையிலும் தொல்லை கொடுக்கும். அங்கெல்லாம் கெர் ஷில்டு ஆயங்கள் நிம்மதி. பாதையைச் சின்னச் சின்ன அடிகளாகக் கணக்கிட, அடியின் அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும் ரங்கே குட்டா முறை போதும். கார்ட்டர் மாறிலியை (மேலே சொன்ன நான்காவது மாறிலி) ஒவ்வோர் அடியிலும் கணக்கிட்டுப் பாருங்கள், அது நகர ஆரம்பித்தால் எங்கோ பிழை சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுழற்சி 0 வைத்து நிழலின் ஆரம் எல்லாத் திசையிலும் 5.196 வருகிறதா என்று பாருங்கள். பிறகு சுழற்சியை 1க்கு நெருக்கமாக வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: ஒரு விளிம்பு 2ஐயும் மறுவிளிம்பு 7ஐயும் நெருங்க வேண்டும், உயரம் 10.39இல் அசையாமல் நிற்க வேண்டும். தட்டையான விளிம்பு நம்மை விட்டு விலகிச் சுழலும் பக்கத்தில் வந்தால் பின்னோக்கிய கதிரில் கோண உந்தத்தின் குறியை மாற்ற மறந்திருப்பீர்கள், அதை முதலில் பாருங்கள்.